அம்மா வீடு எந்தப் பக்கம்?

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே காலை ஆறரை மணிக்கு நின்றால் நாலு திசைக்கும் பேருந்து கிடைக்கும். சென்னை, விழுப்புரம், செஞ்சி, வந்தவாசி, மரக்காணம் என்று நடத்துனர்கள் கூவுவதில் ஓர் ஊர்ப்பெயரும் முழுசாகக் காதில் விழாது. ‘பாண்டி பாண்டி பாண்டி’ மட்டும் தெளிவாகக் கேட்கும். ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்று ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன். அவசரம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு எல்லைக்கோட்டை நாள் முழுக்கக் கடந்து கடந்து, பொழுது சாயும்போது விழுப்புரத்தில் போய் இறங்குவதுதான் திட்டம். நேர்வழியில் போனால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இந்தக் கிறுக்கைக் கிளப்பிவிட்டவர்கள் ஸ்லோவேனியர்கள். சில மாதங்களாக அவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆல்ப்ஸ் மலையின் தென்கிழக்கு மூலையில் இருபது லட்சம் பேர் வாழும் நாடு. 1991இல்தான் தனி நாடானது. அந்த இருபது லட்சத்துக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் விடுபட்டுப்போன சொந்தக்காரர்கள் உண்டு. இத்தாலியில் ட்ரியெஸ்தே, கொரிட்சியா பகுதிகளில், ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்தில், ஹங்கேரியில் ராபா ஆற்றங்கரைச் சிற்றூர்களில், குரோஷியாவிலும் கொஞ்சம். அவர்கள் இடம்பெயர்ந்து போனவர்கள் அல்ல. இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கோடுதான் நகர்ந்தது. மிரென் என்ற ஊரில் 1947இல் போட்ட எல்லை, இடுகாட்டின் நடுவே போனது. தாத்தா சமாதி இத்தாலியில், பாட்டி சமாதி யூகோஸ்லாவியாவில் என்கிற மாதிரி. 1975இல் ஒஸிமோ உடன்படிக்கை வந்த பிறகுதான் அதைத் திருத்தினார்கள்.

அதைப் படித்த இரவில் எனக்கு மடுகரைப் பெரியம்மா ஞாபகம் வந்தது. நான் பிறந்தது விழுப்புரத்தை ஒட்டிய ஒரு கிராமம். அம்மாவின் அக்கா வாழ்க்கைப்பட்டது ஆறேழு மைல் தள்ளி, நெட்டப்பாக்கம் பக்கத்து மடுகரையில். சின்ன வயதில் அங்கே போவதை ‘பாண்டிப் பகுதிக்குப் போறோம்’ என்பார்கள். போகிற வழியெல்லாம் அதே கரும்பு, அதே சவுக்கு, அதே அய்யனார். எங்கே பாண்டி தொடங்கியது என்று நான் கண்டுபிடித்ததே இல்லை.

*

கிளியனூர் தாண்டி, திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு வரும்போது மண் சிவக்கத் தொடங்கிவிடும். முந்திரியும் செம்மண் பள்ளங்களுமாக ஆரோவில் பக்கத்து நிலம். உலகத்துக்கெல்லாம் ‘பாண்டிச்சேரி ஆரோவில்’ என்று தெரிந்த அந்த ஊரின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது என்பதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். 1968 பிப்ரவரி 28இல் 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டுத் தொடங்கிய ஊர் அது. மண்ணைக் கொட்டியபோது அந்த இடம் தென்னாற்காடு மாவட்டம். எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

மொரட்டாண்டி கடந்தால் கோரிமேடு. மதுக்கடைகளின் வரிசையும் பெட்ரோல் பங்குகளின் கூட்டமும்தான் இங்கே எல்லைக்கல். மறுபக்கம் போகிற வண்டிகளைத் தமிழ்நாட்டுக் காவலர்கள் பாட்டிலுக்காகத் தடவிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் சிவப்புக் கெப்பித் தொப்பியோடு புதுச்சேரிக் காவலர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனதில் வெயிலுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத சாமான் அந்தத் தொப்பி. இரண்டு பக்கத்து வரவேற்புப் பலகைகளும் தமிழில்தான். சின்ன விஷயமாகத் தெரியலாம். கரிந்தியாவில் ஸ்லோவேனிய மொழியிலும் ஊர்ப்பெயர் எழுத வேண்டும் என்று 1955இல் ஆஸ்திரியா உலகத்துக்கு எழுதிக் கொடுத்தது. 1972இல் பலகைகளை நட்டபோது ஜெர்மன் பேசும் ஊர்க்காரர்கள் கும்பலாகப் போய்ப் பிடுங்கி எறிந்தார்கள். 164 ஊர்களுக்கு இருமொழிப் பலகை என்று சமரசமானது 2011இல். ஒரு பலகைக்கு ஐம்பத்தாறு வருஷம். நம் எல்லையில் அந்தத் தகராறே எழவில்லை; கோட்டின் இருபுறமும் ஒரே எழுத்து.

பேருந்தில் பாதிக்கு மேல் ஜிப்மரில் இறங்கிவிட்டது. எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறை, அதற்குள் எக்ஸ்ரே, சீட்டு, ஒரு சோற்று டப்பா. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர் கொண்ட அந்த ஆஸ்பத்திரிதான் விழுப்புரம் மாவட்டத்து ஏழைகளுக்கு இன்றும் பெரிய ஆஸ்பத்திரி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீவனூர்ப் பாட்டி இறங்கும்போது, “நீ எங்க தம்பி?” என்றாள். ஊர் சுற்றப் பார்க்கிறேன் என்றேன். “உடம்பு நல்லா இருக்கு, சுத்து” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

இந்தக் கோடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பாதி படித்ததுதான்.

பீஜப்பூர் சுல்தானுக்குக் கீழே வாலிகண்டபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடியின் தயவில் 1674இல் பிரான்சுவா மர்த்தேன் கடலோரத்தில் கால் ஊன்றினார். வில்லியனூரும் பாகூரும் 1749, 50 வாக்கில் கர்நாடக வாரிசுச் சண்டையில் கைமாறாக வந்தன. அதே 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். பதினோரு வருஷம் செஞ்சி பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்ற பிறகு எல்லாம் சரிந்தது. கடைசியில் நெப்போலியன் விழுந்து, 1816இல் இங்கிலீஷ்காரன் திருப்பிக் கொடுத்தபோது, தேசமாகக் கொடுக்கவில்லை, கிராமப் பட்டியலாகக் கொடுத்தான். இந்தக் கிராமம் உனக்கு, அடுத்தது எனக்கு. அதனால்தான் புதுச்சேரிப் பகுதி என்கிற முந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலம் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் கைதவறி விழுந்து உடைந்த சட்டி. ஓட்டாஞ்சில்லுகளுக்கு இடையில் இருப்பது விழுப்புரமும் கடலூரும்.

அதற்கு முன்னே இதெல்லாம் ஒரே நாடு. ஓய்மா நாடு என்று பெயர். அதை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அவனுடைய ஊரான கிடங்கில், நான் பேருந்து ஏறிய திண்டிவனத்தின் ஒரு பகுதிதான். அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பார்கள். பாணன் நடந்துபோன அந்த வழியில் அவனை யாரும் நிறுத்திப் பை பார்க்கவில்லை.

பை பார்ப்பது உச்சத்துக்குப் போனது இங்கிலீஷ்காரன் போன பிறகுதான் என்பது வேடிக்கை. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்க ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தன. 1949இல் அது முடிந்தது. ஒவ்வொரு துண்டின் வரப்பிலும் சுங்கச் சாவடி முளைத்தது. சென்னை மாகாணம் முழுக்க 1948இல் மதுவிலக்கு வந்திருந்தது. ஆகவே இந்தப் பக்கமிருந்து தாகத்தோடு போனார்கள், அந்தப் பக்கமிருந்து தங்கமும் கைக்கடிகாரமும் வந்தன. நெல் கொண்டுபோக அனுமதிச்சீட்டு. பொண்ணு அழைக்கிற வண்டியைக்கூடச் சோதனை போட்டார்கள் என்று பெரியம்மா சொல்வாள். அவள் கல்யாணத்தின்போது சீர்ப்பானைகளைச் சாவடியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார்களாம். பித்தளைத் தவலைக்குள் கைவிட்டுத் துழாவிய சிப்பாய் எடுத்தது ஒரு பிடி அட்சதை.

*

புதுச்சேரி நகரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத வேண்டியதற்கு மேல் எழுதியாயிற்று. மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் கல்யாணப் புகைப்படம் எடுக்கிற கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வைத்திக்குப்பம் போனேன். வெயிலில் காயும் வலைகளும் நாய்களும் தவிர அன்று அங்கே எதுவும் இல்லை. ஆனால் மாசி மகத்தன்று இந்தக் கடற்கரையைப் பார்க்க வேண்டும். மயிலம் முருகன் வருவார், தீவனூர்ப் பிள்ளையார் வருவார், செஞ்சியிலிருந்து ரங்கநாதர், திண்டிவனத்து நல்லியக்கோடன் நகரிலிருந்து சீனிவாசப் பெருமாள். எல்லாம் தமிழ்நாட்டுச் சாமிகள். எல்லை தாண்டி, அந்நிய மண்ணில் தீர்த்தவாரி முடித்து, வழியெல்லாம் மண்டகப்படி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். சாமிகளுக்குக் கடல் வேண்டும், புதுச்சேரிக்குச் சாமி வேண்டும்.

திரும்பும் வழியில், ஒரு சந்தில், ‘சொல்தா வீடு’ ஒன்றின் திண்ணையில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தேன். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களுக்கு இங்கே இன்னும் சொல்தா என்றுதான் பெயர். வியட்நாமிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டு, பென்ஷனோடு வந்து, இந்தச் சந்துகளில் மாடி எடுத்துக் கட்டியவர்கள். இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் சில ஆயிரம் தமிழர்கள் இங்கே வாழ்கிறார்கள். பாரிஸில் ஜனாதிபதித் தேர்தல் என்றால் இங்கே ஓட்டுச்சாவடி உண்டு. சுவரில் பிரெஞ்சு வேட்பாளர் சுவரொட்டி, பக்கத்திலேயே காதணி விழா பேனர்.

இவர்களுடைய கதை 1870களில் தொடங்குகிறது என்று சொல்லலாம். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் 1873இல் காலில் செருப்போடு நீதிமன்றத்துக்குள் போனார். உள்ளூர் உடையில் வருகிற இந்தியன் வெறுங்காலோடுதான் வர வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. வெளியே போகச் சொன்னார்கள். அவர் பாரிஸ் வரைக்கும் போய் வழக்காடி ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21 ஆணை வந்தபோது, சாதி வழக்கத்தையும் சொந்தச் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கிறேன் என்று கையெழுத்திட்டவர்களில் அவர் முன்னோடி. அப்படிக் கையெழுத்திட்டால் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர் லப்போர்த் ஆனார். ‘கதவு’ என்று பொருள். அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர்களில் மேல்சாதிக்காரர்கள் குறைவு. ஒடுக்கப்பட்ட மக்களும் கிறிஸ்தவர்களும்தான் அதிகம். ஒரு கையெழுத்தில் சாதியைக் கழற்றிப் போட முடியுமென்றால் யார் போடமாட்டார்கள்? கழன்றதா என்பது வேறு கேள்வி.

*

வில்லியனூர் வழி விழுப்புரம் பேருந்தில் ஏறினேன். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேருக்கு ஒரு வழக்கம்: வடத்தை முதலில் பிடிப்பது துணைநிலை ஆளுநர். பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து வருவது. மக்களை அதிகாரிகள் இழுத்து அலைக்கழிக்கிற நாட்டில் அதிகாரியையே இழுக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் கீழூர். ஓட்டுனர் மூன்று முறை கேட்டார்: “அங்க என்ன சார் இருக்கு?” வயலுக்கு நடுவில் ஒரு நினைவிடம் இருக்கிறது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி, பிரெஞ்சு இந்தியாவின் சட்டமன்ற உறுப்பினர்களும் கொம்யூன் உறுப்பினர்களுமாக 178 பேர் இந்தக் கிராமத்தில் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170. வேண்டாம் என்று 8. பதினான்கு நாளில், நவம்பர் 1ஆம் தேதி, நிர்வாகம் கைமாறியது. அந்த எட்டுப் பேர் யார் என்பதில்தான் எனக்கு எப்போதும் ஆர்வம். ஜெயித்தவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது, தியாகிகளுக்கு மரியாதை இருக்கிறது. எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு, இதே வரப்பில் நடந்து வீட்டுக்குப் போய், அடுத்த நாளும் இதே ஊரில் இருந்த எட்டுப் பேருடைய சாயங்காலம் எப்படி இருந்திருக்கும்?

ஓட்டு என்றதும் கரிந்தியாவுக்கு இன்னொரு தடவை போய்வர வேண்டியிருக்கிறது. 1920 அக்டோபர் 10. முதல் உலகப் போர் முடிந்து, ஆஸ்திரியாவா யூகோஸ்லாவியாவா என்று மக்களையே கேட்டார்கள். கேட்கப்பட்ட பகுதியில் ஸ்லோவேனிய மொழி பேசுபவர்கள்தான் பெரும்பான்மை. முடிவு: நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர் ஆஸ்திரியா என்றார்கள். மொழி ஒன்று, ஓட்டு வேறு. மொழிப்பற்றுள்ளவர்கள் இன்றுவரை ஜீரணிக்காத கணக்கு. ஆனால் அந்த விவசாயியின் இடத்திலிருந்து பாருங்கள்: அவன் மாடு விற்கிற சந்தை கிளாகன்ஃபர்ட்டில், வடக்கே, சமவெளியில். சொந்த மொழிக்காரர்களின் தலைநகரமான லுப்லியானாவுக்குப் போக கரவாங்கே மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். அவன் சந்தைக்குப் போகிற பாதைக்கு ஓட்டுப் போட்டான். பிறகு அவன் பேரன்கள் பலகைக்காக அடிவாங்கினார்கள் என்பதும் உண்மை.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்தது. 1979 ஜனவரியில், பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியை அண்டை மாநிலத்தோடு சேர்த்துவிடலாம் என்கிற பேச்சை எடுத்தார். எல்லாரும் தமிழர்தானே, தமிழ்நாட்டோடு சேர்ந்தால் என்ன? ஊர் பற்றி எரிந்தது. கடையடைப்பு, கல்வீச்சு, கலவரம். 1954இல் தில்லியோடு சேரத் தவித்தவர்கள் இருபத்தைந்து வருஷம் கழித்து விழுப்புரத்தோடு சேரமாட்டோம் என்று தெருவில் இறங்கினார்கள். தமிழ் உணர்வு குறைந்துவிட்டதா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொழிக்கு ஆபத்து இல்லாத இடத்தில் மனிதன் மொழியைப் பற்றி யோசிப்பதில்லை. ரேஷன் அட்டையையும், பிள்ளைக்குக் கிடைக்கிற கல்லூரி இடத்தையும், கைக்கு எட்டுகிற சட்டமன்ற உறுப்பினரையும் பற்றித்தான் யோசிக்கிறான். விழுப்புரத்துக்காரனுக்கு அமைச்சரைப் பார்க்கச் சென்னை போக வேண்டும். மடுகரைக்காரன் காலையில் டவுன் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவான்.

மொழியைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுதத்தான் எழுதினார்கள். 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தத்தின் 28ஆம் பிரிவு, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சுதான் ஆட்சிமொழி என்கிறது. 1965இல் புதுச்சேரி சட்டமன்றம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. மாகேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. ஒரு பலகையையும் யாரும் பிடுங்கவில்லை. தெருப்பெயர்ப் பலகைகளில் பிரெஞ்சு இன்னும் இருக்கிறது, சுற்றுலாவுக்கு உதவுகிறது.

*

மறுபடி பிரதான சாலைக்கு வந்து திருபுவனையில் இறங்கினேன். வரதராசப் பெருமாள் கோயிலின் சுவரில் ராஜாதிராஜன் காலத்து, 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு. இங்கே ஒரு கல்லூரி இருந்தது. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள், அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல் எவ்வளவு என்றெல்லாம் கணக்கு. இதே மாதிரிக் கணக்கு, ராஜேந்திரன் காலத்தது, எண்ணாயிரத்திலும் இருக்கிறது: 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். எண்ணாயிரம் விழுப்புரம் மாவட்டம், திருபுவனை புதுச்சேரி. இந்தக் கல்லூரி வாத்தியார் அந்தக் கல்லூரிக்குப் போய் வந்திருப்பார். இருக்கலாம், சான்று எதுவும் கிடையாது, என் கற்பனை. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் கல்லூரி என்றால் முதல் கேள்வியே குடியிருப்புச் சான்று எந்தப் பக்கத்தது என்பதுதான்.

கோயில் வாசலில் வேர்க்கடலை விற்ற பெண்ணிடம் எந்த ஊர் என்றேன். “பொறந்தது வளவனூர், வாக்கப்பட்டது இங்க.” பிள்ளைகள் பாண்டிக் கணக்கா? “பின்ன? அதுக்குத்தானே எங்கப்பா இங்க குடுத்தாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். கடலை திண்டிவனத்துக் கடலை என்றாள்.

நெட்டப்பாக்கத்தில் நின்று பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் 1954 மார்ச் கடைசியில் இந்தியாவின் செய்தித்தாள்களெல்லாம் இந்த ஊரின் பெயரை எழுதின. அதுவரை பிரெஞ்சுக்காரர்களோடு நின்ற எதுவார் குபேர், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, இணைப்பு அணிக்கு மாறி, நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு ஒன்றை அறிவித்தார். துண்டு துண்டாகக் கிடந்ததன் சௌகரியம் அதுதான்: நாலா பக்கமும் இந்தியா சூழ்ந்த தீவில் பிரெஞ்சுப் போலீஸ் எங்கிருந்து வரும்? மண்ணாடிப்பட்டும் சேர்ந்துகொண்டது. வெள்ளையர் காலத்துக் கிராமப் பட்டியல் அவர்கள் காலை வாரிய இடம் இது. வ. சுப்பையாவும் தோழர்களும் ஆண்டுக்கணக்காக அடிபட்டு உழைத்த அறுவடையைக் குபேர் கடைசி நாளில் கதிர் அறுத்துக்கொண்டார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி. 1963இல் முதலமைச்சராகவும் ஆனார் குபேர்.

*

மடுகரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. பெரியம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தொண்ணூறை நெருங்குகிற வயது. கண் மங்கல், நாக்குக் கூர்மை.

“சொல்லாம கொள்ளாம வர்ற. சோறு இல்ல, கஞ்சிதான்.”

கஞ்சியும் சுண்டைக்காய் வற்றலும். சாப்பிட்டுக்கொண்டே எதிர்வீட்டைப் பற்றிக் கேட்டேன். நான் சிறுவனாக இருந்தபோது அது ஓட்டுவீடு. இப்போது இரண்டு மாடி, பூட்டிக் கிடக்கிறது. மாடிக் கைப்பிடியில் ஈஃபில் கோபுர வேலைப்பாடு.

“பெரியவரு பிள்ளைங்க எல்லாம் பாரீஸ்ல. சின்னவரு குடும்பம் இங்கேயேதான். அதோ அந்தத் தகரக் கொட்டா.”

அண்ணன் தம்பி. ஒரே அப்பா, ஒரே அம்மா. எப்படி ஒருவர் பிரெஞ்சு, ஒருவர் இந்தியர்?

“அவங்கம்மாவுக்கு ஊரு விக்கிரவாண்டிப் பக்கம்டா. தலைப்பிரசவம் தாய்வீட்ல. சின்னவரு இங்கேயே பொறந்துட்டாரு.”

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சட்டம் தெரிய வேண்டும். 1954இல் நிர்வாகம் மாறியதே தவிர, ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் அங்கீகரிக்கவில்லை. அல்ஜீரியப் பிரச்சினை முடியும்வரை இழுத்தடித்து, 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படியான கைமாற்றம். அன்றிலிருந்து ஆறு மாதம் கெடு. புதுச்சேரி மண்ணில் பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லாரும் இந்தியர்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சாகவே இருக்க விரும்பினால் அந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர். பெரும்பாலும் சொல்தாக்களும் அரசு ஊழியர்களும் துறந்து கையெழுத்திட்ட குடும்பங்களும். கிராமத்தில் ஏர் பிடித்தவனுக்கு அப்படியொரு பத்திரம் இருப்பதே தெரியாது.

ஆனால் ஒப்பந்தத்தின் வாசகம் ‘அந்தப் பகுதியில் பிறந்தவர்’ என்று பேசுகிறது. பிரெஞ்சுத் தகப்பனுக்கு, கோட்டுக்கு வெளியே, விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவனை அது தொடவே இல்லை. அவன் எதையும் எழுதிக் கொடுக்காமலேயே பிரெஞ்சுக் குடிமகனாக நீடித்தான் என்று பின்னாளில் பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. தில்லியில் உட்கார்ந்து அந்த வாசகத்தை எழுதிய இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும், தலைச்சன் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது தென்னாற்காட்டு வழக்கம் என்பது தெரிந்திருக்குமா? வளைகாப்பு போட்டு வண்டியேற்றி எல்லை தாண்டி அனுப்பிய பெண்ணின் முதல் பிள்ளை பிரெஞ்சு. மாமியார் வீட்டிலேயே பிறந்த இரண்டாவது பிள்ளை இந்தியன். தமிழ்நாட்டு மண்ணில் பிறந்ததே பாரிஸுக்குப் போகத் தகுதியானது.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு இது தெரியவந்தது எழுபதுகளிலோ எண்பதுகளிலோ. யாரோ சொல்லி, விக்கிரவாண்டிப் பக்கம் போய்ப் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்து, வழக்கு நடத்தி, பிள்ளைகளை அனுப்பினார். சின்னவர் அதே அப்பாவின் பிள்ளை. மடுகரையில் பிறந்தார், மடுகரையில் இறந்தார்.

“சண்டை போட்டுக்கிட்டாங்களா பெரியம்மா?”

“எதுக்குச் சண்டை? அவரு அங்கேருந்து பணம் அனுப்புவாரு, இவரு இங்க பயிர் வைப்பாரு.” கொஞ்ச நேரம் கீரையை உருவினாள். “அவங்கம்மாதான் சாகிற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தா. ரெண்டாவதுக்கும் எங்கம்மா வூட்டுக்கே போயிருக்கணும், நெல்லறுப்பு வந்து நிறுத்திட்டாங்கன்னு.”

ஸ்லோவேனியர்களுக்கு 1947இல் கோட்டைப் போட்டவர்களும் இப்படித்தான் வீடு பார்த்துப் போடவில்லை. கொரிட்சியா நகரம் இத்தாலிக்குப் போனது, அதன் ரயில் நிலையங்களில் ஒன்று யூகோஸ்லாவியாவுக்கு வந்தது. ஊரை இழந்தவர்கள் பக்கத்திலேயே நோவா கொரிட்சா என்று புது ஊர் கட்டிக்கொண்டார்கள். ரயில் நிலையச் சதுக்கத்தின் நடுவே நின்ற வேலியை 2004இல் எடுத்தார்கள். 2025இல் இரண்டு ஊரும் சேர்ந்து ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரமாக இருந்தன. நமக்கு வேலியும் இல்லை, எடுப்பதற்கு விழாவும் இல்லை. கோடு தாசில்தார் அலுவலகத்துப் பீரோவில் இருக்கிறது.

கிளம்பும்போது பெரியம்மா ஒரு பை நிறைய முருங்கைக்கீரை கொடுத்தாள். விழுப்புரம் பேருந்தில் பதினைந்து நிமிடம் போனதும் நடத்துனரைக் கேட்டேன், தமிழ்நாடு வந்துவிட்டதா என்று. “எப்பவோ வந்துடுச்சு சார்” என்றார். இந்த முறையும் கவனிக்கத் தவறிவிட்டேன்.

சாவடியில் சீர்ப்பானை கவிழ்த்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லாரும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். மடுகரை, நெட்டப்பாக்கம், வளவனூர், கோட்டக்குப்பம், கிளியனூர் என்று இருபக்கத்துத் திண்ணைகளிலும் இன்னும் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் உள்ளன. அங்கே வரலாறு படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு சனிக்கிழமை கைப்பேசியோடு போய் அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வையுங்கள். முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: உங்கம்மா வீடு எந்தப் பக்கம்?